டம்ளரை யார் கழுவுவது?

அண்ணன் சென்னய்யா அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லவில்லை. சௌடேஸ்வரிக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

மதுரை விமான நிலையத்திலிருந்து அருப்புக்கோட்டை வரை உச்சி வெயிலில் பஸ்ஸில் அழைத்து வந்திருக்கிறாள். வந்தவள் பெயர் அபேனா. கானா நாட்டில், குமாசி என்ற ஊரில் துணி மில் ஃபிட்டராக இருந்து போன வருடம் இறந்த சின்ன அண்ணன் வீரபத்திரனின் ஒரே மகள். அம்மா அந்த ஊர்க்காரி, அகான் இனம். அப்பா பிறந்த வீட்டுக்கு அபேனா வருவது இதுதான் முதல் தடவை. அவளை இந்த வீட்டு மனுஷியாக உள்ளே சேர்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர சௌடேஸ்வரிக்கு வேறு எண்ணமில்லை.

அபேனா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அகான் வழக்கப்படி வந்தவர்தான் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். வலது ஓரத்தில் இருப்பவரிடம் ஆரம்பித்து வரிசையாக இடப்பக்கம் வர வேண்டும். வலது ஓரத்தில் பத்திர எழுத்தர் மாரிசெல்வம் இருந்தார். எழுந்து கை கொடுத்தார். அடுத்து சென்னய்யாவின் மகள் ஸ்ருதி. அவளும் கொடுத்தாள். சென்னய்யா மட்டும் வலது கையில் செல்போனை வைத்துக்கொண்டு, இடது கையால் ஒரு பேனாவை நீட்டினார்.

அங்கேயும் அது அவமரியாதை, இங்கேயும் அவமரியாதை. அபேனா அதை வாங்கவில்லை.

எதற்கு வந்திருக்கிறாள் என்று கேட்கச் சொன்னார். ஸ்ருதி இங்கிலீஷில் கேட்டாள். அபேனா பதில் சொல்லாமல் நின்றாள்.

சௌடேஸ்வரிக்குக் காரணம் தெரியும். வீரபத்திரன் போனில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். அந்த ஊரில் வந்தவருக்கு முதலில் நாற்காலி, அடுத்து தண்ணீர். குடித்து முடித்த பிறகுதான் வந்த சேதியைக் கேட்பார்கள். அதற்கு முன்னால் கேட்பதும் தப்பு, சொல்வதும் தப்பு. நேற்றே இதை அண்ணனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

அண்ணனோ விடுதலைப் பத்திரத்தோடு காத்திருந்தார். அம்மா பேரில் இருந்த இந்த வீட்டில் தங்களுக்குப் பாத்தியதை இல்லை என்று அபேனாவும் சௌடேஸ்வரியும் கையெழுத்துப் போட வேண்டும். சண்டை எதற்கு என்று சௌடேஸ்வரி ஏற்கெனவே சரி சொல்லியிருந்தாள்.

பெண் வாயைத் திறக்காததும் அவருக்குச் சந்தேகம் முற்றியது. சட்டென்று சௌடேஸ்வரியிடம் கன்னடத்துக்கு மாறினார். நெசவுக்கார வீடு. உள்ளே கன்னடம், வெளியே தமிழ். அடுத்தவர் முன்னால் ரகசியம் பேசவேண்டுமென்றால் அந்தத் தெருவே இப்படித்தான் மாறும்.

"பங்கு கேக்கத்தான் வந்திருக்கா. கையெழுத்த வாங்கிட்டு அடுத்த பஸ்ஸுல ஏத்தி விட்ரணும். தண்ணி கிண்ணின்னு எந்திரிக்காத. இந்தக் கறுப்பி வாய் வச்ச டம்ளர யாரு கழுவுறது?"

அபேனா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"தொட்டப்பா" என்றாள். பெரியப்பாவை அந்த வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "டம்ளர நானே கழுவி வச்சுட்டுப் போறேன்."

அதே வீட்டுக் கன்னடம். வீரபத்திரன் மகளுக்குத் தமிழ் சொல்லித் தரவில்லை. வீட்டில் பேசுவதைத்தானே சொல்லித் தருவான்? பஸ்ஸில் வழிநெடுக அத்தையும் மருமகளும் அதில்தான் பேசி வந்தார்கள். சென்னய்யாவுக்கு அது தோன்றவே இல்லை.

அபேனா குரலை உயர்த்தவில்லை.

"எங்க கடற்கரையிலருந்து ஒரு காலத்துல ஆளுகளை விலங்கு மாட்டிக் கப்பல்ல கொண்டுபோனாங்க. அவங்க வம்சம் இப்பத் திரும்பி வருது. பாஷை தெரியாது, எந்தக் குடும்பம்னும் தெரியாது. அவங்களுக்கே உக்கார இடம் குடுத்து, தண்ணி குடுத்துட்டுத்தான் எங்கம்மா சேதி கேப்பா. எனக்குப் பாஷை தெரியும். குடும்பமும் தெரியும்."

சென்னய்யாவுக்கு வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இவள் வீரபத்திரன் மகள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று மாரிசெல்வத்திடம் கேட்டார்.

அதற்கு மேல் சௌடேஸ்வரியால் பொறுக்க முடியவில்லை. தெருவுக்கே புரியட்டும் என்று தமிழில் கத்தினாள்.

"மக இல்லேன்னா கையெழுத்து எதுக்கு வாங்குறீக? மகளா இருந்தா தண்ணி ஏன் குடுக்கல? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்கண்ணே."

சௌடேஸ்வரி அண்ணனின் சாய்வு நாற்காலியை இழுத்துப் போட்டு அபேனாவை உட்கார வைத்தாள். சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்து முடிக்கும் வரை நின்றாள். பிறகு எதிரில் தரையில் உட்கார்ந்து, வந்த சேதி என்ன என்று முறைப்படி கேட்டாள்.

"உங்க வீட்டு வீரபத்திரன் இறந்துட்டாரு. போன்ல சொன்னது கணக்குல சேராது. அவரு ஆளுக முன்னாடி உக்காந்து வாயால சொல்லணும். சொல்லிட்டேன். எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

ஸ்ருதி முகத்தைப் பொத்திக்கொண்டாள். சென்னய்யா நீளமாக மூச்சு விட்டார். இவ்வளவுதானா, முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று பத்திரத்தை அபேனாவின் மடியில் வைத்தார்.

தம்பி செத்த சேதியைக் கேட்டு அந்த மனுஷன் விட்டது நிம்மதிப் பெருமூச்சு. அபேனா பேனாவுக்குக் கை நீட்டினாள். சௌடேஸ்வரி பத்திரத்தைப் பிடுங்கி நான்காகக் கிழித்தாள்.

"அவ போட்டாலும் நான் போடமாட்டேன். நீ எந்தக் கோர்ட்டுக்கு வேணும்னாலும் போய்க்கோ."

அண்ணனை அவள் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

விசா முடிய மூன்று வாரம் இருக்கிறது, அதுவரை அபேனா தன் அப்பா படுத்த அறையில்தான் இருப்பாள், அப்பாவுக்குச் செய்ய வேண்டிய காரியம் இந்த வீட்டில் அவள் முன்னால் நடக்கும் என்றும் சொன்னாள். அந்த அறையைத் திறந்தால் கூரை வரை சிமெண்ட் மூட்டை. கடை கட்டுவதற்காக அண்ணன் அடுக்கி வைத்தது.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை அபேனா பிடித்தாள். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் போட்டார்கள். சென்னய்யா ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். இருவரும் அடுத்த மூட்டைக்குத் திரும்பினார்கள்.