இடது விலா

"எப்பவாச்சும் கீழ விழுந்தீங்களா ஐயா? விலாவுல அடி பட்டுச்சா?" டாக்டர் ஜெயசித்ரா மூன்றாம் தடவையாகக் கேட்டார்.

"எனக்கென்ன அடி? நான் வுழுவனா?" என்றார் பஞ்சநாதன்.

பக்கத்தில் இருந்த மனைவி கிருஷ்ணம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடியலில் மீன்சுருட்டியில் பஸ் ஏறி, அரியலூரில் மாறி, பெரம்பலூர் வந்து, ஊசி போட்டு மூன்று மணி நேரம் காத்திருந்து எடுத்த ஸ்கேன். தண்ணீர் நிறையக் குடித்து அடிக்கடி ஒன்றுக்குப் போகச் சொன்னார்கள். நாலு பேர் பார்க்க எத்தனை தடவை எழுந்து போவது என்று அதற்கும் அவருக்கு ஒரு வீம்பு. புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து நாலு வருசமாகிறது. விட்டது சனியன் என்றிருந்தபோது ரத்தப் பரிசோதனையில் அந்த நோயைக் காட்டும் பிஎஸ்ஏ அளவு மறுபடி ஏறியிருந்தது. எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தான் இத்தனை அலைச்சலும். கம்ப்யூட்டர் திரையில் மனுசனுடைய எலும்புக்கூடு நின்றது. ஒரு தோள் சாய்ந்த அதே நிற்பு. இடது விலாவில் மட்டும் மிளகை ஒட்டினாற்போல ஒரு கறுப்புப் புள்ளி.

"அடிபட்ட எலும்பும் இப்படிக் காட்டும், நோய் பரவினாலும் இப்படிக் காட்டும். அதப் பொறுத்து வைத்தியமே மாறும். அதான் கேக்குறேன்."

"அடியெல்லாம் இல்லைங்க."

போன ஆடியில் தண்ணீர் பாய்ச்சும் முறைக்காக அவள் தம்பி நல்லதம்பியோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, "ஒன் தம்பியப் புடிச்சுத் தள்ளிட்டு வந்துட்டேன்" என்று அவளிடமும் ஊர் பூராவும் சொன்னவர். அப்புறம் ஒரு மாதம் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவில்லை. கேட்டால் வாயுப் பிடிப்பு. எண்ணெய் தேய்த்தது இவள் கை. அன்றிலிருந்து தம்பி வீட்டோடு பேச்சு கிடையாது. அதுவும் அவர் உத்தரவுதான்.

எழுந்து வெளியே வந்து தம்பிக்குப் போன் போட்டாள்.

"நீ மாமாவத் தள்ளுனியா?"

ஒரு வருசம் கழித்துக் கேட்ட குரல். அவன் தடுமாறினான். "நான் தொடவே இல்லக்கா. மாமாதான் என்னத் தள்ளுனாரு. ஊருக்கே தெரியுமே."

"கேஸ் போடக் கேக்கலடா. அவரு எலும்புல ஒரு புள்ளி இருக்காம். ஒன்னால வந்துச்சா, நோவால வந்துச்சான்னு தெரியணும்."

"எந்தப் பக்கம்?"

"எடது."

போனில் அவன் பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

"தொட்டி விளிம்புல வுழுந்தாருக்கா. நான்தான் தள்ளுனேன். வெளிய சொல்லிடாதடான்னு கையப் புடிச்சாரு."

"சண்ட போட்ட நீங்க ரெண்டு பேரும் ஒரே பேச்சா இருந்திருக்கீங்க. நடுவுல பேசாம கெடந்தவ நான் ஒருத்தி" என்று போனை வைத்தாள்.

உள்ளே போய்ச் சொன்னாள். பஞ்சநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் சீட்டில் எழுதினார். "அந்த எடத்துக்கு ஒரு சிடி ஸ்கேன் எடுத்துடலாம்மா. பழைய முறிவா இருக்கலாம். பாக்காம சொல்ல மாட்டேன்."

வராந்தாவில் அவர் வாயைத் திறந்தார். "டாக்டரம்மா எதுருல மானத்த வாங்கிட்டியே."

"மானம் படத்துல எந்தப் பக்கம் தெரிஞ்சுதாம்?"

கொஞ்ச தூரம் நடந்தபின், "அவனே சொன்னானா?" என்றார்.

"சொன்னான்."

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணான் பய."

சிடி அறையில் அவரைப் படுக்கவைத்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார்கள். வலது கை போனது. இடது கை காது வரைக்கும் வந்து நின்றது. அவள் பார்க்கிறாளா என்று வாசல் பக்கம் திரும்பினார். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவர் வலது கையை இறக்கி, இடது மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுத்தார். கதவைச் சாத்தினார்கள். மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் கைக்குள் போன் தம்பி பெயரைக் காட்டி அதிர்ந்தபடியே இருந்தது.