எல்லோரும் அத்தைதான்

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பிள்ளை பார்க்கும் காளியாயி முதலில் சொல்லிக்கொடுப்பது மரியாதையைத்தான். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுப்போகும் பிள்ளைகளை, வாசலில் எந்தப் பெண் வந்து நின்றாலும் கைகூப்பி "அத்தை" என்று சொல்லப் பழக்கியிருந்தாள். அதற்காகத் தோட்டத்தில் அவளுக்கு நல்ல பெயர். அந்த நல்ல பெயர் நாசமாய்ப் போக.

அன்று நல்ல மழை. பச்சைச் சேலைக்காரி ஒருத்தி குடையோடு வந்து நின்றாள்.

"வடிவக் கூட்டிட்டுப் போக வந்தேங்க. நாகலெட்சுமிக்கு நாத்தனா நான். நோர்வூட்டுல இருக்கேன்."

அந்தப் பெயர்களை அவள் தொழிலாளர் லயத்துக் குழாயடியில் பேச்சுக்கொடுத்துப் பிடுங்கியிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. காளியாயி சற்றுத் தயங்கினாள். அதற்குள் மூன்று வயது வடிவு ஓடிவந்து கைகூப்பி, "அத்தை" என்றாள்.

"அதான் புள்ளையே சொல்லிருச்சே," என்று சிரித்தபடி, வடிவின் தலைக்குத் துண்டு போர்த்தி அனுப்பிவைத்தாள் காளியாயி.

சாயங்காலம் நாகலெட்சுமி மகளைத் தேடி வந்தாள். காளியாயி விஷயத்தைச் சொன்னாள்.

"எனக்கு ஏதுங்க நாத்தனா? அவரு ஒத்தப் புள்ளைங்க."

நானுஓயா ரயிலடி வரைக்கும் ஆட்கள் ஓடினார்கள். பிரஜாவுரிமை இல்லாத சனம் பொலிசுக்குப் போனால் வேறு வில்லங்கம் வரும் என்று பயந்து, மறுநாளும் தயங்கி நின்றார்கள். அந்தத் தயக்கத்துக்குள் பச்சைச் சேலைக்காரி பிள்ளையோடு மலையிறங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு காளியாயி பெற்றவர்களைத் தவிர வேறு யார் கையிலும் பிள்ளையைக் கொடுத்ததில்லை. ஒரு பிள்ளையின் சொந்தப் பெரியப்பனையே திருப்பி அனுப்பி ஏச்சு வாங்கினாள். ஆனால் நாகலெட்சுமி மட்டும் அவளை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் காளியாயி கொஞ்சம் தூங்கியிருப்பாள்.

நான்கு வருடம் போயிற்று. லொறி ஓட்டும் சோலைமலை கினிகத்தேனையில் தேத்தண்ணி குடிக்க இறங்கினான். கடைவீட்டின் பின்பக்கம் ஒரு சிறுமி யாருடைய கைக்குழந்தையையோ தோளில் போட்டுத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தாள். அது காளியாயி தானே கட்டிய தாலாட்டு. சோலைமலையும் அவளிடம் வளர்ந்தவன்தான், அதைக் கேட்டே தூங்கியவன். இந்தத் தடவை அவன் பொலிசுக்குப் போகத் தயங்கவில்லை. அநாதைப் பிள்ளை என்று சொல்லி அங்கே வேலைக்கு விட்டுப்போயிருந்தாள் அந்தப் பச்சைச் சேலைக்காரி.

வடிவு தோட்டத்தில் வந்து இறங்கினாள். ஏழு வயதுக் கைகள் பாத்திரம் தேய்த்துக் காய்த்துப்போயிருந்தன. நாகலெட்சுமி மகளை நெருங்கப் பயந்துகொண்டு தள்ளியே நின்றாள். காளியாயிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பிள்ளையின் முன்னால் குந்தி, பழைய கொஞ்சலோடு கேட்டாள்.

"கண்ணு, யாரு வந்திருக்காங்க பாரு. சொல்லு."

வடிவு நிமிர்ந்து பார்த்தாள். காளியாயி சொல்லிக்கொடுத்தது எதையும் அவள் மறந்திருக்கவில்லை. பெற்றவளைப் பார்த்து மரியாதையாகக் கைகூப்பினாள்.

"அத்தை," என்றாள்.