புதன்கிழமை வரைக்கும் ரதி

“அந்த நூல அறுத்துப் போட்டுட்டு நாளைக்கு ட்ரெயின்ல—”

“நூலுன்னு சொல்லாத புள்ள, அது காப்பு—”

“—ஏறுங்கன்னுதானே சொல்றேன்? மலையிலயிருந்து குதிக்கவா சொன்னேன்?”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

தனுஷிகா வாசற்படிக்கு உள்ளே நின்றாள். அவள் புருஷன் விஜிதரன் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் நின்றான். காமன் கூத்துக்குக் காப்புக் கட்டியவன் காமனை எரிக்கிற நாள்வரை வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. தேயிலைத் தோட்டத்து எல்லைப் பாலத்தையும் தாண்டக் கூடாது. அதனால் இருவரும் படியை நடுவில் வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தின் பன்னிரண்டு காம்பராவில் இருந்தவர்களுக்கும் கேட்க அது வசதியாகப் போயிற்று.

சங்கதி இதுதான். விஜிதரனுக்குக் கொழும்பில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை. மாசி மாதம் லீவு எடுத்து வந்து ரதி வேஷத்துக்குக் காப்புக் கட்டிக்கொண்டான். மூன்று வருஷமாக அவன்தான் ரதி. வருகிற புதன்கிழமை காமனை எரித்து, ரதி புலம்பி முடித்தால்தான் காப்பு அவிழும். இன்றைக்கு வெள்ளி. காலையில் கடை முதலாளி போன் பண்ணிவிட்டார்: கடைக்குப் பின்னால் உள்ள அறையில் இருந்த குடும்பம் காலி பண்ணிப் போய்விட்டது, ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சாவியை வாங்கினால் அந்த அறை விஜிதரன் குடும்பத்துக்கு, இல்லாவிட்டால் அடுத்தவனுக்கு.

ஆறு வருஷமாக தனுஷிகா கேட்ட அறை அது. இங்கே இருப்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி. நடுவில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டி, அந்தப் பக்கம் மாமியார் ராசம்மா, இந்தப் பக்கம் அவளும் மகள் தயானியும். மழை பெய்தால் தகரம் ஒழுகும். மழை விட்டால் அடுப்புப் புகை போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றும். அவள் இருமினால் அடுத்த காம்பராவிலிருந்து “தண்ணி குடி” என்று குரல் வரும்.

“நல்லா அறுக்கச் சொல்லு,” என்றாள் ராசம்மா, திரைக்குப் பின்னாலிருந்து. “ரதி கொழும்புல சிமெந்து மூட்ட தூக்கட்டும். காமன் இங்க தனியா எரியட்டும்.”

“நீங்க சும்மா இருங்க மாமி! ஏங்க, வேற யாராச்சும் ரதி கட்டக் கூடாதா?”

“நடுவுல மாத்த முடியாது. கட்டுனவன்தான் முடிக்கணும். நான் போனா இந்த வருஷம் கூத்தே இல்ல.”

“இல்லாட்டி என்ன? தேயில துளிர்க்காதா?”

விஜிதரன் கையைப் படிக்கு இந்தப் பக்கம் நீட்டினான். மணிக்கட்டில் மஞ்சள் முடிந்த கயிறு.

“நானா அறுக்க மாட்டேன். நீ அறு. கைய இழுத்துக்க மாட்டேன்.”

“பழி எம்மேல விழட்டும்னுதானே?”

அவன் கூத்து நடக்கும் காமன் பொட்டலுக்கு இறங்கிப் போனான். அவன் போன பிறகுதான் அவளுக்கு ஆத்திரம் முழுசாக வந்தது. பழி விழுந்தால் விழட்டும். கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு அவளும் இறங்கினாள்.

பொட்டலில் சிவனேஸ்வரி உரச்சாக்குகளைப் பிரித்து ஒன்றோடொன்று கோத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் மகள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். இரண்டு வருஷத்துக்கு முன் சீல் வைத்த பெட்டியாகத் திரும்பி வந்தாள். பெட்டியைத் திறக்க விடவில்லை. சிவனேஸ்வரி அழவும் இல்லை. மறுநாளே, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய்க் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டாள். கல்லு என்றுதான் அவளுக்கு லயத்தில் பேர்.

“வா தங்கச்சி, இந்த முனைய இழுத்துப் புடி,” என்றாள். “இந்த வாட்டி பெருசாத் தைக்கிறேன். மேல்லயத்துக்காரிகளும் கூத்துப் பாக்க இதுலதானே உக்காரணும்.”

“பீலிக்கரையில தண்ணிக்காக நம்மளோட வாளியால அடிச்சுக்கிட்டவங்க, ஒரே சாக்குலயா?”

“போன வருஷமும் உக்காந்தாளுக. என்னைய வாளியால அடிச்சவ மடியிலதான் நான் சாஞ்சு கெடந்தேன்.” ஊசியை இழுத்துக்கொண்டே கேட்டாள்: “ஒம் புருஷன் இந்த வருஷமும் அதே பாட்டத்தானே பாடுவாரு?”

“எந்தப் பாட்டு?”

“சாம்பலப் பாத்து ரதி கேக்குமே. ‘எரிஞ்ச எடம் தெரியுது சாமி, என்னப் பாத்த மொகம் எங்க சாமி’ன்னு. அது வரைக்கும் எனக்குச் சத்தமே வரல தங்கச்சி. நெஞ்சுக்குள்ள சீல் வச்ச மாதிரி கெடந்துச்சு. மொகமே பாக்கல, யாருன்னு நெனச்சு அழுவேன்? அன்னிக்குத்தான் கத்துனேன். அதுக்கப்புறந்தான் சோறு எறங்குச்சு. புதன்கிழம பேர் விழாம சம்பளம் போனாலும் போகுது, நான் கொழுந்தெடுக்க மலைக்குப் போகல. வருஷம் பூரா சேத்து வச்சிருக்கேன்.”

தனுஷிகா சாக்கின் முனையைப் பிடித்தபடி நின்றாள். இடுப்பில் கத்தரிக்கோல் குத்தியது. மேலே லயம், கீழே ஆறு, நாலு பக்கமும் தேயிலை. ஞாயிற்றுக்கிழமையும் அந்த அறையும் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தன. சிவனேஸ்வரி இந்தப் பக்கம் இருந்தாள்.

“என்ன தங்கச்சி, பாடுவாருதானே?”

“பாடுவாரு அக்கா.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கே உறைத்தது. சாக்கை விட்டுவிட்டு, பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்த விஜிதரனிடம் போனாள். அவன் கம்பைச் சாய்த்து வைத்துவிட்டுக் கையை நீட்டினான்.

“கைய மடக்குங்க. போனத் தாங்க.”

“யாருக்கு?”

“ஒங்க முதலாளிக்கு.”

“நான் கெஞ்சிப் பாத்துட்டேன் புள்ள. புதன் வரைக்கும் பொறுக்க மாட்டேன்னுட்டாரு.”

“ஒங்களுக்காக யாரு கெஞ்சப் போறா?”

மணி நாலு தரம் அடித்தது. முதலாளி எடுத்தார்.

“முதலாளி, நான் விஜிதரன் வீட்டுல பேசுறேன்.”

“தங்கச்சி, நான் அவன்கிட்ட சொல்லிட்டேனே. ஞாயிறுன்னா ஞாயிறுதான்.”

“ஞாயிறுதாங்க. அவரு இல்ல, நான் வாறேன். புள்ளயக் கூட்டிக்கிட்டு நாளைக்கே வாறேன்.”

விஜிதரன் அவள் தோளைத் தொட்டான். “நீயா? அப்ப புதன்கிழம… நீ பாக்க மாட்டியா? தனியா அங்க யாரத் தெரியும் ஒனக்கு?”

அவள் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். போனில் லொறி ஒன்று பின்னுக்கு வரும் சத்தமும் யாரோ சிங்களத்தில் யாரையோ ஏசுவதும் கேட்டன. முதலாளி இருக்கிறாரா, போய்விட்டாரா என்று தெரியவில்லை.

“கட கூட்டுறேன், தேத்தண்ணி ஊத்துறேன், அவரு வார வரைக்கும் மூட்டையும் எண்ணித் தாறேன். காப்பு அவரு கையிலதாங்க இருக்கு, எங்கையில இல்ல. சாவிய எங்கிட்டக் குடுப்பீங்களா, முதலாளி?”