பயத்துக்குத் தின்றது

பையைத் துழாவிய கையில் வெள்ளரித் துண்டுகள் நிறைந்த டப்பா ஒன்றுதான் தட்டுப்பட்டது. பிஸ்கட் பொட்டலங்களையும் காணோம். சர்க்கரை மடித்த காகிதத்தையும் காணோம். கிரேன் ஆபரேட்டர் பையைக் கவிழ்த்தே பார்த்துவிட்டார். மனைவியின் வேலைதான். முந்தின நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தவள், மருத்துவர் சொன்னதற்கெல்லாம் அவரைவிட அதிகமாகத் தலையாட்டினாள்.

"மூணு மாசத்துல ஆறு கிலோ ஏறியிருக்கீங்க. சர்க்கரையை வச்சுக்கிட்டு வாயைக் கட்ட வேண்டாமா?"

"உக்காந்தே பாக்குற வேலைங்க" என்று முனகினார் அவர். அது பொய்யன்று. எண்பதடி ஏணியில் ஏறி கேபினில் அமர்ந்தால் மாலைவரை எழ வழியில்லை. ஆனால், முழு உண்மையும் அன்று. சென்ற ஆண்டு, இன்சுலின் போட்டுக்கொண்டு வந்த ஒரு காலையில், இதே கேபினில் சர்க்கரை இறங்கிக் கண் இருண்டு, லீவர் எது, தன் விரல் எது என்று தெரியாமல்போன இரண்டு நிமிடங்களை அவர் எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும். ஐம்பத்திரண்டு வயதுக்கும் எட்டாம் வகுப்புக்கும் இன்னொரு கேபினை யார் தருவார்? அன்றுமுதல் ஒவ்வொரு சுமையையும் தூக்குமுன் எதையாவது தின்றார். பசிக்காக அன்று, பயத்துக்காக. தின்றது உடம்பாயிற்று. உடம்பு பெருக்க இன்சுலின் கூடிற்று. இன்சுலின் கூடப் பயமும் கூடிற்று.

இன்று லாரி காத்திருக்கிறது என்று கீழிருந்து அவசரப்படுத்தவே, தின்னாமலே தூக்கிவிட்டார். இரண்டு டன் கம்பிக்கட்டு இப்போது நடுவானில் தொங்கியது. பிடரியில் வியர்வை ஊறியது. விரல்கள் நடுங்கின. சர்க்கரைதான் இறங்குகிறதா, இறங்கிவிடுமோ என்னும் பயமா? இரண்டுக்கும் அடையாளம் ஒன்றே. வெள்ளரியால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்தும் ஒரு துண்டை மென்றார்.

வாக்கி-டாக்கி கரகரத்தது. கீழே நின்று சைகை காட்டுபவன் மனைவியின் தம்பி.

"என்ன மச்சான், அப்படியே நிக்குது? உங்க கனம் தாங்காம கிரேன் மூச்சு வாங்குதா?"

யாரோ சிரித்தார்கள். இஞ்சினியரும் அதே அலைவரிசையில்தான் இருந்தார்.

"கீழ இருக்குறவங்களைத் தள்ளிப் போகச் சொல்லு" என்றார் ஆபரேட்டர்.

"எதுக்கு?"

"சொன்னதைச் செய்டா."

"மச்சான், உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றான் மைத்துனன். குரலில் கேலி இல்லை. சிரிப்பும் நின்றிருந்தது.

ஆபரேட்டர் பதில் சொல்ல வாக்கி-டாக்கியின் பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. வாய் திறந்தால் இஞ்சினியருக்கும் கேட்கும். கீழே ஆட்கள் ஒவ்வொருவராக விலகினர். மைத்துனன் மட்டும், கம்பிக்கட்டின் நிழல் தன் மஞ்சள் தலைக்கவசத்தின்மேல் வருவதும் போவதுமாக இருக்க, வாக்கி-டாக்கியைக் காதோடு சேர்த்துக்கொண்டு அண்ணாந்து நின்றான்.