மஞ்சள் பூசிய காளான்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு தப்பான போட்டோவிலிருந்து பிறந்தது. மும்பை மாதுங்காவில் ஒரு குடியிருப்பு சொசைட்டி. வாசலில் குல்மோஹர் மரம். அதில் இடுப்பு உயரத்தில், சுவரில் அடித்த தட்டு மாதிரி ஒரு காளான். அங்கே கார் நிறுத்தும் நகுல் அதைப் படமெடுத்துச் செம்பூர் மர ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். மஞ்சள் காளான், மேலே சிவப்புப் புள்ளி! குழு துள்ளிக் குதித்தது. தாணேயிலிருந்துகூட இரண்டு பேர் ரயிலேறி வந்துவிட்டார்கள்.

மஞ்சள், சொசைட்டியில் குடியிருக்கும் அபயாம்பாள் மாமி பூசியது. புள்ளி, குங்குமம்.

(முதலில் எழுதிய தொடக்கம்: "மழை ஓய்ந்த காலையில் மரம் தன் ரகசியத்தை..." போதும். அடித்துவிட்டேன்.)

2

வந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு, காளானின் வெள்ளை அடிப்பக்கத்தைக் கீறிப் பார்க்கக் குனிந்தார்கள். கோடு உடனே பழுப்பானால், மரத்தை உள்ளே அரிக்கிற வகையாக இருக்கலாம், வெட்டத்தான் வேண்டிவரும். மாமி குறுக்கே நின்று விரட்டிவிட்டாள்.

கீறிப் பார்க்கிற வேலை சொசைட்டி செகரெட்டரி ஷ்யாமளாவின் தலையில் விழுந்தது. அவள் சமையலறை ஜன்னல் முழுக்க அந்த மரம்தான். கோடு என்ன நிறமென்று தெரியாமலே இருந்துவிடலாம் என்றுகூட ஆசைப்பட்டாள். ஆனால் மாமி தினமும் சுலோகம் சொல்ல உட்காருவது அதன் அடியில்தானே!

3

(ஷ்யாமளாவைத் தைரியசாலியாக எழுதியிருந்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. மாற்றிவிட்டேன்.)

தலையிலிருந்து ஹேர்பின்னை உருவினாள், திரும்பச் செருகினாள், மறுபடி உருவினாள்.

"ஏண்டி, அம்மனை யாராவது கீறுவாளோ?"

"அம்மன் இல்லை மாமி, காளான்."

"மஞ்சள் வாங்கிண்டுட்டா அவ அம்மன்தான்."

"மரம் உள்ளே புரையோடியிருந்தா உங்க தலையிலதான் விழும். எனக்குப் பயமா இருக்கு மாமி."



4

முடிவு அ: கோடு வெள்ளையாகவே நின்றது, சொசைட்டி முழுக்கப் பாயசம். எழுதிப் பார்த்தேன், தித்திக்கவில்லை.

முடிவு ஆ: முனிசிபாலிட்டி ஆட்கள் ரம்பத்தோடு வந்து... மனசு வரவில்லை.

ஆகவே இவ்வளவுதான். மாமி ஹேர்பின்னை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"நீ கீறினா கோச்சுப்பா. நான் கீறினா அது எங்களுக்குள்ளே."

காளானின் அடியில் ஒரு கோடு இழுத்தாள். இழுத்த கையோடு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். ஷ்யாமளாவும் மூடிக்கொண்டாள். எனக்கும் பார்க்கத் தைரியமில்லை.

கண் திறந்திருப்பவர் இப்போது நீங்கள் ஒருவர்தான். கொஞ்சம் குனிந்து பாருங்கள். என்ன நிறம் என்று மெதுவாகச் சொல்லுங்கள். மாமி பக்கத்திலேயே நிற்கிறாள்.