தலைகீழ்க் கொடி

பக்கத்துப் பண்ணையில் ஆர்வில் என்ற கிழவர் மேல் அவருடைய மரக் கொட்டகையே இடிந்து விழுந்தது. அடியில் கிடந்து நாள்கணக்கில் கத்தியே செத்தார். எங்கள் யார் காதிலும் விழவில்லை. மரத்தில் அமெரிக்கக் கொடிகள் செய்து விற்பதுதான் என் கணவன் மெர்லுக்கும் எனக்கும் தொழில். அந்தப் பலகைகளை வாங்கி, சுவரில் மாட்டும் கொடி ஒன்று செய்தோம்.

காலையில் பட்டறையைத் திறந்தால், நட்சத்திரங்கள் கீழே வர அது தலைகீழாகத் தொங்கியது. ஆபத்து, காப்பாற்றுங்கள் என்றால்தான் எங்கள் நாட்டில் கொடியை அப்படி மாட்டுவோம்.

“கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு உனக்கு?” என்றான் மெர்ல்.

“மாட்டினதே நீதான்! என்கிட்ட ஏன் எரிஞ்சு விழுற?”

கொடியை நிமிர்த்தி, நான்கு மூலையிலும் திருகாணி முடுக்கினான். “இப்ப திரும்பட்டும், பாப்போம்.”

மறுநாள் அது திரும்பவில்லை. வேறு மரத்தில் செய்து சுற்றிலும் மாட்டியிருந்த கொடிகள் அத்தனையும் தலைகீழாகத் தொங்கின.