கைராசிக்காரி விட்ட சொட்டு

புளி தட்டும் பருவத்தில் இண்டூர்ப் பக்கத்துப் பெண்களுக்கு இரண்டு கூலி கிடைத்தது. ஒன்று முதலாளி தந்தது. மற்றொன்று புளி தந்த கண்ணரிப்பு. புளியின் ஓட்டை உடைக்க உடைக்க எழுந்த தூசி இமைக்குள் குடியேறியது. பொழுது சாயும்போது கொட்டாய் முழுவதும் கண்ணைக் கசக்கும் கைகளாகவே இருந்தன.

அந்தக் கொட்டாயில் மிக்கேலம்மாளுக்கு ஒரு பட்டம் உண்டு: கைராசிக்காரி. முன்னொரு பருவத்தில் அவளுடைய அரிப்புக்கு ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்து, ஒரே நாளில் சிவப்பை வடியச் செய்தது. மீதியைப் பக்கத்தில் இருந்தவளுக்கும் விட்டாள், அவளுக்கும் வடிந்தது. மருந்துக்கு வந்திருக்க வேண்டிய புகழைக் கை வாங்கிக்கொண்டது. அதன்பின் டாக்டர் எதற்கு? காலிச் சீசாவைக் காட்டினால் கடையில் புதியதை எடுத்துக் கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் பெண்கள் வரிசையாக அமர்ந்து முகத்தை அண்ணாந்து காட்டுவார்கள். மிக்கேலம்மாள் புளி ஒட்டிய விரல்களை முந்தானையில் துடைத்துவிட்டு, ஒரே சீசாவிலிருந்து கண் கண்ணாக விட்டுக்கொண்டே போவாள். சீசாவின் மூக்கு இமையில் பட்டால்தான் ராசி இறங்கும் என்பது அங்கே சட்டம். கைக்கு ராசி உண்டு என்று கொட்டாயே சொன்னது. அந்தக் கையில் அழுக்கும் உண்டு என்று சொல்ல அங்கே ஒரு வாய்கூட இல்லை.

அந்தப் பங்குனியில், அவளுக்கு எதிரே உட்கார்ந்து புளி தட்டிய தீர்த்தம்மாளின் இடக்கண்ணில் ஓட்டுச் சில்லு ஒன்று தெறித்தது.

"அக்கா, முள்ளு குத்துன மாதிரி இருக்குது."

"கசக்காதடி. இரு, சொட்டு வுடறேன்."

"ஒம் புருசனுக்குக்கூட நீ இப்பிடி ஓடியாந்து செஞ்சிருக்க மாட்ட."

"அந்தாளு கண்ணத் தொறந்தாத்தானே வுடறதுக்கு?"

கொட்டாய் சிரித்தது. தீர்த்தம்மாளும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் சிவப்பு குறைந்திருந்தது. வலி மட்டும் குறையவில்லை. "வெளிச்சத்தப் பாத்தா உசுரே போவுது" என்றாள். வரிசையில் மூத்தவளான சென்னம்மாள், "செவப்பு போச்சில்ல? வலியும் போவும். இன்னும் ரெண்டு சொட்டு வுடு" என்று தீர்ப்பளித்தாள். மிக்கேலம்மாள் விட்டாள். அடுத்த நாளும் விட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து மிக்கேலம்மாள் தீர்த்தம்மாளின் வீட்டுக்குப் போனாள்; வாசலில் அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். கருவிழியில் நொய்யரிசி அளவுக்கு ஒரு வெள்ளை தெரிந்தது.

இருவரும் தருமபுரிக்குப் பஸ் ஏறினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்தார். பிறகு சீசாவை வாங்கிப் பார்த்தார். பார்த்த பார்வையில் கோபத்தைவிடக் களைப்பே மிகுந்திருந்தது.

"இத யாருக்கு எழுதினது?"

"எனக்குங்க. அரிப்புக்குங்க."

"உனக்கு அரிப்பு. இவளுக்குப் புண்ணு. இந்த மருந்து சிவப்ப அடக்கும்மா, கிருமிய அடக்காது. புண்ணு இருக்கற கண்ணுல இத வுட்டா, கிருமிக்கு வேலியப் பிரிச்சு வுட்ட மாதிரி."

"பார்வ வருமுங்களா?"

"நடுவுக்குப் பரவலைன்னா வரும். மணிக்கொரு சொட்டு, தவறக் கூடாது. இப்ப வேற எதுவும் சொல்ல முடியாது."

வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் நர்ஸம்மா அருகில் வந்தாலே தீர்த்தம்மாளின் இமைகள் பூட்டிக்கொண்டன. "எங்கக்கா வுட்டாத்தான் தொறப்பேன்" என்று அடம்பிடித்தாள். மிக்கேலம்மாள் இரு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். கெடுத்த கையையே கேட்கிறாளே!

"எங் கையி வேணாமுங்கம்மா, அதுல ராசியில்ல" என்றாள்.

"ராசிய யாரு கேட்டா? சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா" என்றாள் நர்ஸ். "கீழ் இமையக் கொஞ்சம் இழுத்துப் பை மாதிரி புடி. சீசா மூக்கு எதுலயும் படக் கூடாது, இமையிலயும்தான். ஒரு சொட்டு போதும். கண்ண மூடச் சொல்லி மூக்கோரத்துல அமுக்கிப் புடி. அடுத்த மருந்த ஒடனே வுட்டா மொத மருந்து வழிஞ்சிடும், கொஞ்சம் பொறுத்து வுடு."

இத்தனை காலம் அவளுக்கு இதை எவரும் சொன்னதில்லை. அவளும் எவரையும் கேட்டதில்லை. கழுவினாள், விட்டாள், காத்திருந்தாள்; மறுபடி கழுவினாள். பகலும் இரவும் சொட்டுகளாக நறுக்கப்பட்டுக் கிடந்தன. இடுப்பு ஒடிந்தது. உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

ஒரு நாள் சென்னம்மாளும் இன்னும் இரு பெண்களும் வாழைப்பழத்தோடு வந்தார்கள். மூவர் கண்களும் இரத்தமாய்ச் சிவந்திருந்தன.

"கொட்டாயில எல்லாருக்கும் கண்ணுநோவு. புது மருந்தாமே, எங்களுக்கும் ஒரு சொட்டு வுடு மிக்கேலு."

"இது இவ கண்ணுக்குக் குடுத்தது. கீழ சீட்டு தராங்க, போயிக் காட்டுங்க. கண்ணத் தொட்ட கையால எதையும் தொடாதீங்க. கொட்டாயில மிச்சம் கெடக்கற பழைய சீசாவயும் ஒடச்சுப் போடுங்க. ஒருத்தி நோவ ஒம்போது பேருக்கு ஊட்டுனது அதுதான்."

"அடேங்கப்பா! ஆசுபத்திரிக் காத்து பட்டதும் கைக்குக் கிராக்கி வந்திடுச்சோ? ஒரு சொட்டுல கொறஞ்சா போயிடும்?"

"ஒரு சொட்டு, ஒரு சொட்டுன்னு வுட்டுத்தான் இவ இங்க கெடக்கறா."

சென்னம்மாள் பழத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அவர்கள் சீட்டு வாங்கினார்களா, வேறொரு ராசிக்கையைத் தேடிப் போனார்களா, தெரியவில்லை. பின்னால் ஓடிச் சொல்ல நேரமில்லை; மிக்கேலம்மாள் அடுத்த சொட்டுக்குக் கை கழுவப் போனாள்.

புண் ஆறிய பிறகு டாக்டர் தீர்த்தம்மாளின் வலக்கண்ணை மூடிவிட்டு, எதிரே கையைக் காட்டினார்.

"எத்தன விரல்?"

அவள் இடக்கண்ணை இடுக்கிப் பார்த்தாள். மிக்கேலம்மாள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணுங்க. பொகைக்குள்ள நிக்கற மாதிரி தெரியுதுங்க."

"தழும்பு ஓரத்துல நின்னுடுச்சு. அந்தப் புகை போகாதும்மா. இருக்கறதக் காப்பாத்திக்க."

அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். மிக்கேலம்மாளின் தோள்கள் குலுங்கின. தீர்த்தம்மாள் தலையைத் தலையணையில் சாய்த்து முகத்தை அண்ணாந்து காட்டினாள்.

"பாதி போச்சு, பாதி நிக்குது. அழுவாதக்கா, கையி நடுங்கிச் சொட்டு வெளிய போயிடும். மணியாச்சு, கழுவிட்டு வா."